இருபது நங்கூரங்கள்

எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் பக்கத்து வீட்டு அக்கா முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பார். தேத்தண்ணி கொடுத்தால் குடித்து முடித்ததும் கோப்பையின் அடியைப் பார்ப்பார். நான் தைத்த சட்டையைக் காட்டினால் முன்பக்கத்தை விட்டுவிட்டு உள்பக்கத்தைப் புரட்டி, தையல் ஓடிய வழியே விரலை வைத்துக்கொண்டு போவார். விரல் ஓரிடத்தில் நிற்கும்.

"இதிலை இழுத்துப் பிடிச்சிருக்கு, தங்கச்சி."

பார்த்தால் இழுத்துப் பிடித்துத்தான் இருக்கும். மழை வரப்போகுது என்று சொல்வதுபோலத்தான் சொல்வார், கோபம் எதுவும் இருக்காது. எனக்குத்தான் கோபம் வரும்.

திருகோணமலையில் உள்துறைமுக வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் எங்கள் இரண்டு வீடுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் வீட்டில் தையல் மெஷின் போட்டு ஊருக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா சட்டைத் தெறி, அதாவது பொத்தான், செய்தார். எழுபதுகளின் முதல் பாதி அது. வெளியிலிருந்து சாமான் வருவது நின்றுபோய், ஊசிக்கும் நூலுக்கும் கடை கடையாக அலைந்த காலம். சீத்தைத் துணி கூப்பனுக்காவது கிடைத்தது, தெறி எங்கேயும் இல்லை. பழைய சட்டைகளில் அறுத்தெடுத்துப் புதுச் சட்டைகளுக்கு வைத்தோம். ஒரே சட்டையில் மூன்று நிறத்தில் தெறி வைத்துக்கொண்டு அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்குப் போன கிளாக்கர்மாரை எனக்குத் தெரியும்.

கலியாணத்துக்கு முன்னர் அக்கா துறைமுகப் பக்கத்தில் பைபர்கிளாஸ் வள்ளம் கட்டும் பட்டறையொன்றில் வேலை செய்தவர். றெசின் என்ற பசையும் அதை இறுக வைக்கும் மருந்தும் அங்கே பழகிய கைப்பழக்கம். புருஷன் கப்பலில் வேலை. ஒன்பது பத்து மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஒரு தடவை சிங்கப்பூரில் யாரோ விளையாட்டுச் சாமான்கள் வார்ப்பதைப் பார்த்துவிட்டு, சிலிக்கோன் இரண்டு பேணி வாங்கிக்கொண்டு வந்தார். தயிர்போல வெள்ளையாக, தடிப்பாக இருக்கும். மருந்து கலந்து ஒருநாள் விட்டால் ரப்பராகிவிடும். எந்தப் பொருளின் மேல் ஊற்றுகிறோமோ அதன் உருவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

நான் முதன்முதலாக அந்த வேலையைப் பார்த்த நாளில் மூச்சுவிடவே பயமாக இருந்தது. தேங்காய்ச் சிரட்டையில் அராவி எடுத்த ஒரேயொரு தெறி. அதுதான் மாதிரி. சுற்றிவரக் கண்ணாடித் துண்டுகளால் சின்னப் பெட்டிபோலக் கட்டியிருந்தார். சிலிக்கோனை மெல்ல மெல்லக் கிண்டி, கையை உயரத் தூக்கி, நூல்போல ஒழுக விட்டார். அப்படி மெல்லிசாக விழுந்தால்தான் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்கள் வழியிலேயே உடையுமாம். அடுத்தநாள் ரப்பரை உரித்து எடுத்தால் நடுவில் ஒரு பள்ளம். அதில் றெசினை ஊற்றி ஒவ்வொன்றாக இருபது தெறி வார்த்தார். பிறகு அந்த இருபதையும் கண்ணாடியில் வரிசையாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெரிய அச்சு எடுத்தார். அதன் பிறகு ஒரு தரம் ஊற்றினால் இருபது தெறி.

"அதுதான் பயம்" என்றார். "மாதிரியிலை ஒரு கீறல் கிடந்தால், பிறகு வாற ஒவ்வொரு தெறியிலையும் அந்தக் கீறல் நிக்கும். யாரும் காணமாட்டினம். நான் காணுவன்."

என் முதல் ஓடர் நாற்பது தெறி, வெள்ளை, பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு. நாளைக்கு உடுப்புக் கொடுக்க வேண்டும். அக்கா வந்து, பூதக்கண்ணாடியால் பார்த்தபோது விளிம்பில் மயிரிழைபோல ஒரு கோடு தெரிகிறது, எல்லாவற்றையும் சுத்தியலால் உடைத்துவிட்டேன் என்றார்.

"ஐயோ அக்கா, பிள்ளைகள் என்னத்தைப் பூட்டிக்கொண்டு போறது?"

"கொக்கி வைச்சுக் குடு. நான் பிழையான சாமான் தரமாட்டன்."

கொக்கி வைத்துக் கொடுத்தேன். நான்கு நாள் அவருடன் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் நாற்பது தெறியைச் சீலைத் துண்டில் முடிந்து வேலிக்கு மேலால் நீட்டினார். அவ்வளவு வடிவான தெறியை நான் கடைகளிலும் கண்டதில்லை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை. றீற்றா. அப்போது ஏழு முடிந்து எட்டு. நான் மெஷின் மிதிக்கும்போது என் காலடியில் இருந்து வெட்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்குவாள். என்னைச் சித்தி என்பாள். வாய் ஓயாமல் கதைக்கும் பிள்ளை. தாயின் மேசைக்குக் கிட்டப் போனால் மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். அது தாய் பழக்கி வைத்தது.

அந்த வருடம் ஊர்ப் பள்ளிக்கூடமொன்றின் பாண்ட் வாத்தியக் குழுவுக்கு உடுப்புத் தைக்கும் வேலை எனக்கு வந்தது. கடும் நீலத்தில் நங்கூரம் போட்ட தெறி வேண்டும் என்றார்கள். அக்காவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சிரட்டை வட்டத்தின் மேல் மெழுகால் நங்கூரம் பிடித்தார். ஊசி முனையால் மூன்று நாள் செதுக்கினார். சங்கிலிகூடத் தெரிந்தது. இருந்த கடைசிப் பேணிச் சிலிக்கோனில் பெரும்பகுதியையும் அந்த அச்சுக்கு ஊற்றினார். புருஷன் திரும்பி வர இன்னும் ஏழு மாதம் இருந்தது.

முதல் இருபதையும் வார்த்து எடுத்த அன்று நான் பார்க்கப் போயிருந்தேன். அக்கா ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் சரித்தார். முகம் மாறியது. இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று. நங்கூரத்தின் இடதுபக்க ஓரத்தில், மெழுகில் யாரோ விரல் வைத்து அமத்திய அடையாளம், மெல்லிய வரி வரியாக. இருபதிலும்.

"றீற்றா!"

பிள்ளை என் வீட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"இதைத் தொட்டனியோ?"

"இல்லையம்மா."

"கையைக் காட்டு." காட்டினாள். நகத்துக்குள் மெழுகு இருந்தது.

"இது என்ன?"

"அது கோயில் மெழுகுதிரி அம்மா. உருகி விழுந்ததை உருட்டினனான்."

"பொய் சொல்லாதை."

"நான் தொடேல்லை அம்மா."

றெசின் கிண்டும் தடி மேசையில் கிடந்தது. நீட்டிய கையிலேயே அடி விழுந்தது. இரண்டு. பிள்ளை அழுதுகொண்டே மறுபடியும் "நான் தொடேல்லை" என்றாள். அதற்கு இன்னும் ஒன்று.

நான் குறுக்கே போய்ப் பிள்ளையை இழுத்து அணைத்தேன். "சின்னப் பிள்ளைதானே அக்கா, தெரியாமல் தொட்டிருக்கும், விடுங்கோ" என்றேன். நான் சொன்னது அதைத்தான். தொடவில்லை என்று பிள்ளை மூன்று தரம் சொன்ன பிறகும் அப்படித்தான் சொன்னேன்.

"தொட்டதுக்கு அடிக்கேல்லை. பொய்க்குத்தான் அடிச்சனான்" என்றார் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினி அடுப்பின் பக்கம் போனார்.

அந்த நேரத்தில் நான் ஒரு வேலை செய்தேன். மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்து என்னிடம் தைக்கக் கொடுக்கிற முஸ்லிம் ராத்தா ஒருவர் இருந்தார். பெருநாளைக்குப் புருஷனுக்கு நீலச் சட்டை கேட்டிருந்தார். பெருநாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது, தெறி இல்லை. உடைக்கப்போகிற தெறிதானே என்று மேசையிலிருந்து ஆறை எடுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று பின்னேரம் வேலிக்கு அப்பால் சுத்தியல் சத்தம் கேட்டது. அடுத்தநாள் அக்கா என்னிடம் கேட்டார்:

"பதினாலுதான் கிடந்தது. நீ எடுத்தனியோ?"

"இல்லை அக்கா. நான் ஏன் எடுக்கப்போறன்?"

என்னை அவர் அப்படியே நம்பினார்.

அந்த அச்சையும் அக்கா விட்டுவைக்கவில்லை. சிலிக்கோன் வேறு இல்லை. இறுகிய ரப்பரைத் துண்டு துண்டாக வெட்டி, புது அச்சின் வெளிப்பக்கத்துக்கு நிரப்பியாகப் போட்டு, பேணியில் மிஞ்சியிருந்ததைத் தெறிகளைச் சுற்றி மட்டும் ஊற்றி எப்படியோ ஒப்பேற்றினார். நங்கூரத்தை முதலிலிருந்து மறுபடி செதுக்கினார். பாண்ட் குழுவுக்குத் தெறி நேரத்துக்குக் கிடைத்தது. எல்லாரும் மெச்சினார்கள்.

வீட்டில்தான் அது முடியவில்லை. பிள்ளை பொய் சொல்லப் பழகிவிட்டாள் என்ற எண்ணம் அக்காவுக்குள் இறங்கிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போய் ரீச்சரிடம் "கொஞ்சம் கவனியுங்கோ, பொய் சொல்லுறாள்" என்று சொன்னார். ரீச்சர் பிள்ளையை வகுப்பு மொனிற்றர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார். ஒழுங்கையில் கண்டவர்களிடமும் சொன்னார். புருஷனுக்கும் எழுதினார். ஒளிக்கத் தெரியாத மனுசி அவர். தன் பிள்ளையின் பிழையையும் ஒளிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

றீற்றா கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். தாய் அறைக்குள் வந்தால் இரண்டு கையும் தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விடும். மேசைக்குக் கிட்ட மட்டுமில்லை, எங்கே நின்றாலும்.

ஒன்றரை மாதத்தில் தகப்பனிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்தநாள் அக்கா சிரித்த முகத்தோடு என்னிடம் வந்தார். அவ்வளவு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

"தங்கச்சி, ஒத்துக்கொண்டிட்டாள். பொய் சொல்லுற பிள்ளைக்கு இந்த முறை ஒண்டும் கொண்டுவரமாட்டன் எண்டு தகப்பன் எழுதியிருந்தார். வாசிச்சுக் காட்டினன். 'ஓம் அம்மா, நான்தான் தொட்டனான்' எண்டாள். கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினன். உண்மையைச் சொன்னபடியால் இனி ஒண்டும் இல்லை, சுவாமியாரிட்டையும் சொல்லிவிடு எண்டு சொன்னன்."

கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. வெள்ளைச் சட்டை நான்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அளவு பார்க்க வந்த றீற்றா கண்ணாடிக்கு முன்னால் நின்றபடி கேட்டாள்:

"சித்தி, செய்யாததைச் செய்தனான் எண்டு பாவசங்கீர்த்தனத்திலை சுவாமியாரிட்டைச் சொன்னால், அது பொய்தானே?"

என் வாயில் குண்டூசிகள் இருந்தன. எடுத்துவிட்டு, "அம்மா சொன்னபடி சொல்லு ராசாத்தி" என்றேன். தலையை ஆட்டினாள். தோளை நேராகப் பிடி என்றேன். பிடித்தாள். வேறொன்றும் கேட்கவில்லை.

முதல் நன்மை வாங்கிய பிள்ளை, அதே மாதம் காய்ச்சலில் விழுந்தாள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். ஐந்து நாள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். ஆறாம் நாள் அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டோம். தகப்பனுக்குத் தந்தி போனபோது அவர் கப்பல் எங்கோ நடுக்கடலில் இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா தெறி வார்க்கவில்லை. நான் சோறு கொண்டுபோனால் இரண்டு வாய் சாப்பிடுவார். பிள்ளையின் கொப்பி, சிலேட்டு, சீப்பு எல்லாவற்றையும் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலமை வேலியருகே வந்து நின்றார்.

"தங்கச்சி, அவளின்ர விரல் பதிஞ்ச அந்தத் தெறி. பதினாலையும் நானே உடைச்சனான். அச்சையும் வெட்டிப்போட்டன். வெட்டின துண்டெல்லாத்தையும் தோண்டிப் பாத்திட்டன். ஒண்டிலையும் இல்லை." வேலியைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஆறு தெறி உன்னட்டை இல்லையோ? கோபிக்கமாட்டன். இருந்தால் சொல்லு."

நான் அழுதுவிட்டேன். "எடுத்தனான் அக்கா. மூதூர் ராத்தாவின்ர சட்டைக்கு வைச்சிட்டன்."

என் கையைப் பிடித்தார். "நீ எடுத்தது எவ்வளவு நல்லதாய்ப் போச்சு" என்றார். "நல்லதாய்ப் போச்சு, நல்லதாய்ப் போச்சு."

அன்றைக்கே லோஞ்ச் எடுத்தோம். வழி முழுக்க அக்கா முன்னால் குனிந்து இருந்தார், அப்படி இருந்தால் லோஞ்ச் வேகமாகப் போகும் என்பதுபோல. ராத்தாவின் வீட்டு முற்றத்துக் கொடியில் அந்த நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஆறு தெறியும் அப்படியே இருந்தன. விசயத்தைச் சொன்னதும் ராத்தா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து ஆறையும் தானே வெட்டி, தண்ணீரில் கழுவித் துடைத்து, அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

"சட்டைக்கு வேற தெறி வைக்கலாம். நீங்க கொண்டுபோங்க" என்றார். "அழாதீங்க புள்ள." சொன்னவரும் அழுதார்.

அக்கா ஒவ்வொரு தெறியாக வெயிலில் சரித்துப் பார்த்தார். விரல் அடையாளம் இருந்தது. ஆறையும் முகத்தோடு வைத்துக்கொண்டார். திரும்பும்போது லோஞ்சில் இருந்தபடி, கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்தார். ஆசைதீரப் பார்க்கட்டும் என்று நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில், "தங்கச்சி, நீ ஒருக்கால் பார்" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

பார்த்தேன். நங்கூரத்தின் ஓரத்தில் விரல் வரிகள். நான் நினைத்திருந்ததைவிட அகலமான விரல். வரிகளுக்குக் குறுக்கே ஒரு கோடு சரிந்து ஓடியது.

"வரி தெரியுது. குறுக்காலை ஒரு கோடும் கிடக்கு அக்கா."

அக்கா தன் இடது பெருவிரலை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். சிரட்டை அராவும்போது கத்தி வெட்டிய பழைய தழும்பு. அதே சரிவு.

மெழுகைச் செதுக்க, மாதிரியைப் பிடித்திருந்த கை அவருடைய கைதான்.

நான் என்னவெல்லாமோ சொன்னேன். ஒருவேளை பிள்ளையும் தொட்டிருக்கலாம் என்றுகூடச் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. "அவள் தொடேல்லை எண்டுதானே சொன்னவள்" என்றார். கரை வரும்வரை அந்த ஒரு வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். துறையில் இறங்கும்போது கால் வழுக்கியது. நானும் லோஞ்ச்காரரும் பிடித்து இறக்கினோம்.

அடுத்தநாள் காலமை முழுகி, வெள்ளைச் சீலை உடுத்து வெளிக்கிட்டார். எங்கே போகிறார் என்று பயந்து நான் பின்னால் போனேன். முதலில் பள்ளிக்கூடம். வகுப்பு வாசலில் நின்று ரீச்சரை வெளியே கூப்பிட்டார்.

"ரீச்சர், என்ர பிள்ளை பொய் சொல்லேல்லை. பிழை என்னுடையது. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

ரீச்சர் இளம் பெண். வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அக்கா வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு கோயிலுக்குப் போய்ச் சுவாமியாரிடம் சொன்னார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் ஒழுங்கை, வீடு வீடாக. யார் யாரிடம் பிள்ளையைப் பற்றிச் சொன்னாரோ அவ்வளவு பேரும் அவருக்கு ஞாபகம் இருந்தார்கள். மீன்காரர், தபால்காரர், குழாயடியில் கண்ட ஒருத்தி. "என்ர பிள்ளை பொய் சொல்லேல்லை." சிலருக்கு எந்தப் பொய் என்றே மறந்துபோயிருந்தது. அவர்களுக்கு முதலிலிருந்து சொல்லி விளங்கப்படுத்தினார்.

கடைசியாக என் வீட்டு வாசலுக்கு வந்தார். காலமையிலிருந்து கூடவே நடந்து வந்தவள் நான். ஆனாலும் என் வாசலில் நின்று எனக்கும் சொன்னார். றீற்றா கண்ணாடிக்கு முன்னால் கேட்ட கேள்வியை அன்றாவது நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

அக்காவின் புருஷன் சித்திரையில் வந்தார். பெட்டியை வாசலில் வைத்தபடி நெடுநேரம் நின்றாராம். பின்னேரம் நான் கிணற்றடியில் நின்றபோது வேலிக்கு அப்பால் அக்காவின் குரல் கேட்டது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். மெழுகு, தடி, மூதூர், தழும்பு. ஒன்றையும் குறைக்கவில்லை. புருஷன் அழுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு அவர் குரல், மிகத் தணிந்து:

"நான் எழுதின அந்தக் கடிதம்... அதை அவளுக்கு வாசிச்சுக் காட்டினனியோ?"

நான் வாளிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். கடிதம் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் எத்தனை கடிதங்கள் வராமல் போயின. இல்லை என்று சொல்லுங்கோ அக்கா, இந்த ஒருக்கால் மட்டும் இல்லை என்று சொல்லுங்கோ என்று எனக்குள் கெஞ்சினேன்.

"ஓம்" என்றார் அக்கா. "ரெண்டு தரம் வாசிச்சனான்."